எங்கள் முப்பாட்டன் எழும்பூரில் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் குடும்ப வரலாறு தேடுவதைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்துக்காரரானாலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு நடை போனால் போதும், வெள்ளைக்காரன் காலத்துக் கோர்ட்டு ரிக்கார்டில் முப்பாட்டனைப் பிடித்துவிடலாம் என்று எழுதியிருக்கிறார்கள்.

எந்த மாவட்டத்துக்காரரானாலுமா? தாங்கள் அறியாததல்ல. 1956 நவம்பர் 1 வரை எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் கல்குளமும் விளவங்கோடும் சென்னை ராஜ்யத்தில் கிடையாது. 1862-இல் சென்னைக்கு ஹைகோர்ட்டு வந்தபோது எங்கள் ஆட்கள் வழக்காடிக்கொண்டிருந்தது திருவிதாங்கூர் மகாராஜாவின் கோர்ட்டில். அங்கே ஜில்லா கோர்ட்டுகளை 1811-இல் ஏற்படுத்தியவர், மகாராஜாவின் திவானாயிருந்த கர்னல் மன்றோ என்ற வெள்ளைக்காரர்தான். அதனால் அது கும்பினி கோர்ட்டு ஆகிவிடுமா? சில வருஷம் முன்பு தங்கள் இதழ்தான் எங்கள் மாவட்டம் நெல்லையிலிருந்து பிரிந்தது என்று எழுதியது. அப்போதும் கடிதம் போட்டேன்.

எங்களுடையது மருமக்கள்வழிக் குடும்பம், அதாவது சொத்து பெற்ற பிள்ளைகளுக்கல்ல, சகோதரியின் பிள்ளைகளுக்கு. குடும்பத் தலைவரான காரணவர் இறந்ததும் அவர் பிள்ளைகள் உகந்துடைமை (பெற்ற பிள்ளைகளுக்கு உண்டான பங்கு) கேட்டு மருமக்கள் மேல் போட்ட வழக்கின் தீர்ப்பு நகல் எங்கள் வீட்டு நெல் பத்தாயத்துக்குள் கிடந்தது. சங்கு முத்திரைத் தாள், மலையாள எழுத்து, மலையாளத்துக் கொல்லம் ஆண்டு 1073 தை மாதம். எட்டுப் பெண்களின் பேர், வயசு, யாருக்கு யார் மகள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. எலி தின்றது ஒரே ஒரு மூலையைத்தான். வழக்கு நம்பர் இருந்த மூலை.

வழக்கின் மீதிக் காகிதக் கட்டைத் தேடித் திருவனந்தபுரம் போனேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். விண்ணப்பத்தில் ஆங்கில வருஷம் கேட்டிருந்தது. 824 கூட்டி 1897 என்று எழுதிவிட்டேன். ஆவணியில் தொடங்கி டிசம்பர் வரைக்கும்தான் 824, ஜனவரி பிறந்துவிட்டால் 825. அந்த ஒரு வருஷப் பிசகில் இரண்டு நடை வீண். மூன்றாம் நடையில், “நம்பர் இல்லாதெ ஒந்நும் நடக்கில்ல சாரே” என்றார்கள். நாகர்கோவிலில் கேட்டால் ‘பழசெல்லாம் அங்கேதான்’ என்று அதே திருவனந்தபுரத்துக்குக் கை காட்டுகிறார்கள். பத்மநாபபுரம் அரண்மனை எங்கள் மண்ணில், சாவி கேரள அரசிடம். எங்கள் பாட்டிமாரும் அப்படித்தான் போலிருக்கிறது.

இதற்கு மேல், அப்பா பேரைப் பிடித்துப் பின்னால் போங்கள் என்று கட்டுரையில் உபதேசம் வேறு. 1926-இல் மருமக்கள்வழியை மாற்றிய நாஞ்சில்நாட்டு வெள்ளாளர் ரெகுலேஷன் என்ற சட்டம் வருவதற்கு முன்னால் அப்படிப் போனீர்களானால் அடுத்த வீட்டுப் படிப்புரைத் திண்ணையில்தான் போய் நிற்பீர்கள். எங்களுக்குத் தலைமுறை தாய்வழி. கட்டுரை எழுதிய பெரிய மனிதருக்கு நேரமிருந்தால் ஒரு நாள் பூதப்பாண்டிக்கு வரட்டும், காப்பி போட்டுக் கொடுத்துச் சொல்லித் தருகிறேன்.

நான் கேட்பது நாலு வரித் திருத்தம். கூடவே, கொல்லம் ஆண்டுக்கு 824 எப்போது, 825 எப்போது கூட்டுவது என்று ஒரு சின்னக் கட்டம் போட்டால் நல்லது. பதிலுக்கு, தபால்தலை ஒட்டி விலாசம் எழுதிய கவர் ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன். போன தடவையும் வைத்திருந்தேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
பூதப்பாண்டி