பள்ளித் தோட்டத்தின் பொறுப்பை மாணவர்களிடமே விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவில் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்முக்குப் பின் விவசாயத் துறையை விரும்பித் தேர்ந்தெடுக்கும் தமிழ் மாணவர்கள் மிகக் குறைவு என்று பலரும் வருந்துகிறார்கள். இதற்குப் பிள்ளைகளைக் குறைகூறுவது நியாயமாகாது. ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவிய நம் முன்னோர் காலமெல்லாம் மண்ணில் உழைத்தார்கள். ஆனால் அந்த மண்ணைப் பற்றிய முடிவுகளை எடுத்தவர்கள் தோட்ட நிர்வாகிகளான துரைகளும் எழுத்தர்களான கிராணிகளும்தான். உழைப்பு நம்முடையது, தீர்மானம் பிறருடையது என்ற அந்த நிலையைத் தகர்க்கவே மலேசிய இந்தியர்களின் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டங்களை வாங்கச் செய்தார்.

வருத்தம் என்னவென்றால், நம் பள்ளித் தோட்டங்கள் பலவற்றில் அந்தப் பழைய நிலையே தொடர்கிறது. எதை நடுவது, எப்போது உரமிடுவது என்பதையெல்லாம் ஆசிரியர் தீர்மானிக்க, மாணவர்கள் தண்ணீர் ஊற்றிப் புல் பிடுங்குகிறார்கள். வேலை பழகுகிறதே தவிர பொறுப்பு பழகுவதில்லை.

செபராங் பிறையில் நான் உதவிக்குச் சென்றுவரும் ஓர் இடைநிலைப்பள்ளியில் மிளகாய்த் தோட்டத்தை மாணவர் குழுவிடமே ஒப்படைத்துள்ளார்கள். தேங்காய் நார்த்தூள் நிரப்பிய பைகளில் செடிகளை வைத்து, சொட்டுக் குழாய் வழியே உரநீரைச் செலுத்தும் முறை அது. ஒருமுறை சில செடிகளின் இலைகள் சுருண்டு, இலைகளின் அடியில் வெள்ளை ஈ அப்பியிருந்தது. காய்ப்புக்கு வந்துவிட்ட செடிகளைப் பிடுங்க வேண்டாம் என்று மற்றவர்கள் மன்றாடியபோதும், நோய் அடுத்த வரிசைக்குத் தாவினால் முழுத் தோட்டமும் போய்விடும் என்று எடுத்துச் சொல்லி, குழுத் தலைவியான படிவம் நான்கு மாணவி அவற்றை அகற்ற வைத்தார். அன்று மாலையே அந்த இழப்பைக் கணக்குப் புத்தகத்தில் தம் கைப்பட எழுதினார். அதற்குமுன் வகுப்பில் எழுந்து பேசவே கூசியவர் அவர்.

அமெரிக்காவில் 1928ஆம் ஆண்டு கான்சஸ் சிட்டியில் தொடங்கிய எஃப்.எஃப்.ஏ. என்னும் மாணவர் அமைப்பு இந்தப் பயிற்சியைத்தான் முறைப்படுத்தியது. ஒவ்வொரு மாணவரும் சொந்தமாக ஒரு வேளாண் திட்டத்தை நடத்தி வரவுசெலவு எழுத வேண்டும். கிளை நிர்வாகிகளைத் தங்களுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். கூட்டம் நடத்தவும் மேடையில் பேசவும் போட்டிகளே உண்டு. வேளாண்மை உழவோடு நிற்பதில்லை என்பதை உணர்ந்து, ‘வருங்கால உழவர்கள்’ என்ற பொருள் தந்த தன் பெயரை அது 1988இல் மாற்றிக்கொண்டது. அங்கு உருவானவர்கள் எல்லாரும் உழவர்களாகவில்லை. ஆசிரியர்களாக, கால்நடை மருத்துவர்களாக, ஆய்வாளர்களாக ஆனவர்களும் உண்டு. நம் நாட்டிலும், 1931இல் செர்டாங்கில் வேளாண் பள்ளியாகத் தொடங்கியதுதான் இன்றைய புத்ரா பல்கலைக்கழகம். அங்கே விண்ணப்பிக்கும் மாணவருக்கும், இளம் வேளாண் தொழில்முனைவோர் மானியத்தை நாடும் இளைஞருக்கும், தாமே எழுதிய கணக்குப் புத்தகம் ஒன்று கையில் இருந்தால் சொல்வதற்கு விஷயம் இருக்கும். அதைவிட முக்கியமாக, இந்தத் தொழில் தமக்கு ஒத்துவருமா என்பதைப் பதினாறு, பதினேழு வயதிலேயே அவர்கள் அறிந்துகொள்வார்கள். ஒத்துவராது என்று தெரிந்துகொள்வதும் பயன்தான்.

ஆகவே பள்ளி வாரியங்களையும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களையும் கேட்டுக்கொள்கிறேன்: தோட்டத்திற்கு ஒதுக்கும் தொகையைச் சிறிதாயினும் மாணவர் குழுவின் பொறுப்பில் விடுங்கள், விளைந்ததைப் பாசார் தானி எனப்படும் உழவர் சந்தையில் அவர்களே விலைபேசி விற்கட்டும், நட்டம் வந்தால் அதட்டாமல், அது ஏன் வந்தது என்று அவர்களையே விளக்கச் சொல்லுங்கள். தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியிலும் இத்தகைய குழுக்கள் தங்கள் அனுபவத்தைச் சொந்த நடையில் எழுத இடமளிக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நிபோங் திபால், பினாங்கு