பலாலி – சென்னை சேவை தொடர வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறத்தாழ 360 கி.மீ. தான். சென்னைக்கு மதுரையே இதைவிடத் தூரம். சிறிய ஏடிஆர் விமானத்திலும் ஒன்றேகால் மணித்தியாலத்தில் போய்விடலாம். நேர வித்தியாசமும் இல்லை.

2019இல் தொடங்கிய இந்த விமான சேவை 2020இல் நின்று, 2022 டிசம்பரில்தான் திரும்ப வந்தது. அது இல்லாத காலத்தில் 74 வயது அம்மாவைக் கண் சிகிச்சைக்குக் கூட்டிப்போனேன். இரவு முழுக்க பஸ்ஸில் தெற்கே கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்கா விமான நிலையம், அங்கிருந்து திரும்பவும் வடக்கே பறப்பு. கால் வீங்கி, சென்னையில் இறங்கியதும் அவரால் நிற்கவே முடியவில்லை. எத்தனை நோயாளிகள் இப்படி அலைந்திருப்பார்கள்!

இரு அரசுகளும் இந்தச் சேவையை இனி நிற்க விடக்கூடாது. அப்புறம், பெரிய விமானம் இறங்க ஓடுபாதையையும் நீட்ட வேண்டும்.

வாசகி,
சங்கானை