ஏலக்காட்டு ஜீப்பில் போகிறவர்களையும் பயணிகளாக ஏற்கக் கோரும் மனு

அனுப்புநர்
ஜீப் ஓட்டுநர் ஒருவரும், உடன் கையெழுத்திட்டுள்ள ஏலத்தோட்டத் தொழிலாளர்களும்,
போடிமெட்டு, தமிழ்நாடு–கேரள எல்லை.

பெறுநர்
மாண்புமிகு ஒன்றிய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைத் துறை அமைச்சர் அவர்கள்,
போக்குவரத்து பவன், நாடாளுமன்றத் தெரு, புது தில்லி.

பொருள்: தேசிய நெடுஞ்சாலை 85-இல் போடிக்கும் பூப்பாறைக்கும் இடையே மாநில எல்லை தாண்டித் தினமும் வேலைக்குச் செல்லும் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சட்டப்படியான வாகன அனுமதி, இன்சூரன்ஸ், சாலைப் பாதுகாப்பு வேண்டுதல் – தொடர்பாக.

மாண்புமிகு ஐயா,

வணக்கம். போடிமெட்டு மலையில் பத்தொன்பது வருடமாக ஜீப் ஓட்டுகிறேன். என் வண்டியின் ஆர்.சி. புக்கில் டிரைவரோடு சேர்த்து 9 பேர் என்று இருக்கிறது. ஏலக்காய் எடுப்புக் காலத்தில் 17 பேர் வரை ஏற்றியிருக்கிறேன். வண்டி வெள்ளை போர்டு, அதை வாடகைக்கு ஓட்டக் கூடாது என்பதும் தெரியும். தெரிந்தேதான் ஓட்டுகிறேன். உங்களிடம் நியாயம் கேட்டு வருகிறவன் தன் பக்கத் தவறை மூடிவைத்துக்கொண்டு பேசக் கூடாது என்பதால் முதலில் இதைச் சொல்லிவிட்டேன்.

காலை நான்கு மணிக்கு மெட்டிலிருந்து வண்டியை இறக்குவேன். 17 கொண்டை ஊசி வளைவுகளும் கழிந்து, முந்தல் தாண்டிப் போடிக்குள் நுழையும்போது ஐந்து மணி ஆகியிருக்கும். தெருமுனையில் பெண்கள் நின்றுகொண்டிருப்பார்கள். தலையில் துண்டு, சேலைக்கு மேல் புருஷனின் பழைய சட்டை, கையில் தூக்குவாளி, கக்கத்தில் மழைக்குப் போர்த்திக்கொள்ளச் சுருட்டிய பிளாஸ்டிக் தாள். முழங்கால் வலிக்கிற அக்காமார் முன்சீட்டில். மற்றவர்கள் பின்னால், மடி மேல் மடியாக. கடைசியில் ஏறுகிறவளுக்கு ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் படியிலும் இருக்கும். பக்கத்தில் இருப்பவள் அவள் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுப் பிடித்துக்கொள்வாள். எங்கள் ஜீப்பில் சீட் பெல்ட் என்றால் அந்தக் கைதான். இப்படியே போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை என்று தோட்டம் தோட்டமாக இறக்கிவிட்டு, சாயங்காலம் அதே ஆட்களை அதே மாதிரி திரும்ப இறக்க வேண்டும். ஆடியில் தொடங்கினால் மாசி வரை இதுதான். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகவும், கூடலூரிலிருந்து குமுளி வழியாகவும் வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் போகிற ஜீப்புகளிலும் இதே காட்சியைக் காணலாம்.

ஏன் இத்தனை பேரை ஏற்றுகிறாய் என்று கேட்பீர்கள். எங்களுக்குத் தோட்டத்தில் தருவது தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு. டீசல், டயர், தவணை எல்லாவற்றையும் அந்தத் தலைக்கணக்கில்தான் கழிக்க வேண்டும். ஒன்பது பேரோடு ஏறினால் டீசலுக்கே சரியாகப் போய்விடும். ஏறாமல் விட்டால் அந்தப் பெண்ணுக்கு அன்றைய கூலி போச்சு. அந்த நேரத்தில், அந்தத் தோட்டத்து வாசல் வரை போகிற பேருந்து ஒன்றும் கிடையாது.

சில வருடங்களுக்கு முன், ஓர் ஐப்பசி மாதச் சாயங்காலம். நல்ல மழை. என் முன்னால் ஒரு ஜீப் இறங்கிக்கொண்டிருந்தது. அதிலும் என் வண்டியைப் போலவே கூட்டம். எந்த கியரில் ஏறுகிறாயோ அந்த கியரில் இறங்கு என்பது மலை டிரைவருக்குப் பாலபாடம். ஆனால் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுகிற பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. அப்படி இறங்கும்போது பாரம் முழுவதையும் பிரேக்தான் தாங்க வேண்டும். டிரம் சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. அன்றைக்கு அதுதான் நடந்தது. வளைவில் தடுப்புக் கம்பி இல்லை, சுண்ணாம்பு அடித்த கற்கள்தான் வரிசையாக இருந்தன. ஒரு கல்லை இடித்துத் தள்ளிக்கொண்டு வண்டி கண்ணிலிருந்து மறைந்தது.

என் வண்டியில் இருந்த கயிற்றைக் கட்டிக்கொண்டு நானும் இன்னும் இரண்டு பேரும் இறங்கினோம். முதலில் காலில் தட்டியது ஒரு தூக்குவாளி. மூடி திறக்காமலே கிடந்தது. அதைத் தாண்டி, லெமன்கிராஸ் புதருக்குள், கைகள் தெரிந்தன. ஐயா, காய் எடுக்கிற கை வேலைக்காலம் முழுக்கக் கறுத்தே இருக்கும், சோப்புப் போட்டாலும் போகாது. அந்தக் கறையை வைத்துத்தான் இருட்டில் ஆட்களைக் கண்டுபிடித்தோம். ஆம்புலன்ஸுக்கு போன் போட்டால் அங்கே பிடித்தது கேரளா டவர். எடுத்தவர் பொறுமையாகத்தான் கேட்டார், மலையாளத்தில். இடத்தைச் சொல்லிப் புரியவைத்து, அது இந்தப் பக்கமில்லை என்று அவர் வேறு எண்ணைச் சொல்லி முடிக்கும்வரை நாங்கள் காத்திருக்கவில்லை. என் ஜீப்பிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு இறங்கினோம். ஒரு மதினி போகிற வழியிலேயே இறந்துவிட்டார். இன்னொரு பெண்ணுக்கு முதுகெலும்பு போயிற்று.

அந்தப் பெண் இன்றும் போடியில் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறாள். இன்சூரன்ஸ் கேட்டு வழக்குப் போட்டார்கள். வாடகைக்கு ஆள் ஏற்ற அனுமதியில்லாத வண்டி என்பதால் தாங்கள் பொறுப்பில்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஜீப்பின் சொந்தக்காரரிடம் அந்த வண்டியைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. போன தீபாவளிக்குப் பார்க்கப் போனபோது அவள் என்னிடம் கேட்டாள்: "அண்ணே, நான் அந்த ஜீப்புல போன கணக்கே இல்லையாமே?"

இந்த மனுவை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான்.

என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். சட்டப் பிரிவுகளை எடுத்துக்கொடுத்தது அவள். யாருக்கு எழுதுவது என்று கேட்டபோதும் அவள்தான் தில்லிக்கு எழுதச் சொன்னாள். தேசிய நெடுஞ்சாலைகள் அரசியல் சாசனத்தின் ஒன்றியப் பட்டியலில் இருக்கின்றன. மோட்டார் வாகனங்கள் பொதுப் பட்டியலில் இருக்கின்றன, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது. அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய சாலைப் பாதுகாப்புக் கவுன்சிலுக்குத் தலைவர் தாங்கள். தமிழ்நாட்டிடம் போனால் வேலை நடப்பது கேரளாவில் என்பார்கள். கேரளாவிடம் போனால் வண்டியும் ஆளும் தமிழ்நாடு என்பார்கள். இரண்டு பதிலிலும் பொய் இல்லை. இரண்டு மாநிலத்தையும் ஒரே மேசையில் உட்காரவைக்கிற அதிகாரம் உள்ள அலுவலகம் எங்களுக்குத் தெரிந்து தங்களுடையதுதான்.

சட்டத்தில் இருப்பதையே சொல்கிறேன். 2019 திருத்தத்தில் வந்த 194ஏ பிரிவுப்படி, அனுமதிக்கு மேல் ஏற்றினால் தலைக்கு 200 ரூபாய் அபராதம். என் கணக்குக்கு எட்டுப் பேர், 1,600 ரூபாய். கட்டியிருக்கிறேன். ஆனால் அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. அதிகப்படியான ஆட்களை இறக்கி, அவர்களுக்கு மாற்று வண்டி ஏற்பாடு செய்யாமல் அந்த வாகனம் நகரக் கூடாது. காலை ஐந்தரை மணிக்கு ஒரு கொண்டை ஊசி வளைவில் எட்டுப் பெண்களை இறக்கிவிட்டால் எங்கிருந்து வரும் மாற்று வண்டி? அபராத ரசீது மட்டும் கிடைக்கிறது, ஜீப் அதே பதினேழு பேரோடு மேலே போகிறது. சட்டத்தின் பாதி மட்டும் இந்த மலைக்கு ஏறி வந்திருக்கிறது.

வாடகை வண்டிக்கான மஞ்சள் போர்டு போடலாமே என்றால், 88-ஆம் பிரிவு இருக்கிறது. ஒரு மாநிலம் கொடுத்த பர்மிட் அடுத்த மாநிலத்தில் செல்ல அந்த மாநிலத்தின் மேலொப்பம் வேண்டும், அல்லது இரண்டு மாநிலங்களும் ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும். பெரிய கம்பெனிகள் தங்கள் ஆட்களை அழைத்துப்போகச் சொந்த வண்டிக்கு 76-ஆம் பிரிவில் பர்மிட் எடுக்கின்றன. ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வைத்திருக்கிற ஏலக்காட்டுக்காரர் பஸ் வாங்குவாரா? அதேசமயம் தங்கள் அமைச்சகம் 2021-லும், பிறகு 2023-லும் சுற்றுலா வாகனங்களுக்கு நாடு முழுவதற்கும் ஒரே பர்மிட் என்று விதி கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடு. மூணாறு பார்க்க வருகிற வண்டி எந்த எல்லையிலும் தடையில்லாமல் போகிறது. அந்த ஏற்பாட்டில் பத்தில் ஒரு பங்கு, முப்பது, நாற்பது கிலோமீட்டர் வேலைக்குப் போகிறவர்களுக்கும் வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

இந்தப் பெண்கள் எடுக்கிற ஏலக்காயைப் பாருங்கள். கேரளப் பக்கம் புற்றடியிலும் ஏலம் போகிறது, இந்தப் பக்கம் போடியிலும் ஏலம் போகிறது. எல்லை தாண்டும் ஒவ்வொரு மூட்டைக்கும் பில் இருக்கிறது, எடை இருக்கிறது, யாருடையது என்ற கணக்கு இருக்கிறது.

ஆகவே எங்கள் முதல் வேண்டுகோள்: எல்லையோர மாவட்டங்களுக்கு மட்டும் பொருந்தும்படி, குறைந்த வரியில், தொழிலாளர் வாகனம் என்று ஒரு தனி பர்மிட் உருவாக்கித் தாருங்கள். அல்லது இரு மாநிலங்களையும் 88-ஆம் பிரிவின் கீழ் ஒப்பந்தம் செய்யச் சொல்லுங்கள். அந்த பர்மிட்டில் எத்தனை பேர் என்பதைக் கண்டிப்பாக எழுதுங்கள், பயணிகள் அனைவருக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் இல்லாமல் பர்மிட் கொடுக்காதீர்கள். வண்டி வாடகை தலைக்கணக்கில் இல்லாமல் நடைக்கணக்கில் இருக்க வேண்டும் என்று அதிலேயே நிபந்தனை வையுங்கள். ஒரு நடைக்கு இவ்வளவு என்று கிடைத்தால் ஒன்பதுக்கு மேல் பத்தாவது ஆளை நான் ஏன் ஏற்றப் போகிறேன்? இந்த ஒரு வரி மாறினாலே பாதிக் கூட்டம் குறையும். ஓட்டுகிறவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன். அதோடு, காலை ஐந்து மணிக்குப் போடியிலிருந்து பூப்பாறைக்கு இரண்டு பேருந்துகளாவது விட இரு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களோடும் பேச வேண்டும்.

சாலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூணாறிலிருந்து போடிமெட்டு வரை ஏறத்தாழ 42 கிலோமீட்டர் அகலப்படுத்தி 2024 ஜனவரியில் திறந்துவைத்தீர்கள். நன்றியோடு நினைக்கிறோம், முன்பு அதில் வண்டி ஓட்டிய எங்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். அகலம் வந்ததும் வேகமும் வந்துவிட்டது. ஊருக்குப் புதிதான டிரைவர்கள் அந்த வேகத்தோடு இறக்கத்துக்கு வருகிறார்கள். 2023 ஏப்ரலில் தொண்டிமலையில் திருநெல்வேலிக்காரர்கள் வந்த வேன் கவிழ்ந்து உயிர்கள் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. வளைவுகள் அனைத்திலும் இரும்புத் தடுப்பும், பனிமூட்டத்தில் தெரியும் ஒளிர்பட்டையும், குறைந்த கியரில் இறங்கச் சொல்லித் தமிழிலும் மலையாளத்திலும் பலகையும் வேண்டும். சாலை அமைப்பில் குறை இருந்து உயிர் போனால் அமைத்தவரும் பராமரிப்பவரும் பொறுப்பு என்று 198ஏ பிரிவு சொல்கிறது. சுண்ணாம்புக் கல்லைத் தடுப்பு என்று ஏற்க முடியாது. போடிமெட்டில் எந்த மாநில டவர் எடுத்தாலும் ஓடிவரக்கூடிய ஓர் ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும். 2025 மே மாதம் அறிவித்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தில் ஒருவருக்கு ஏழு நாள் வரை 1.5 லட்சம் ரூபாய் என்று இருக்கிறது. அதில் சேர்ந்த மருத்துவமனைகள் எவை என்று எல்லையின் இரு பக்கமும் தமிழில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அடிபட்டவரோடு போகிற எங்களுக்கு எந்த வாசலில் வண்டியை நிறுத்துவது என்று தெரிய வேண்டும்.

தங்கள் அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 61,038 பேர் தேசிய நெடுஞ்சாலைகளில் இறந்தவர்கள், மொத்தச் சாலை நீளத்தில் அவை இரண்டு சதவீதம்தான். அந்த அறிக்கையில் கார், டாக்சி, வேன் எல்லாம் ஒரே கட்டத்தில் வருகின்றன. சுற்றுலா போன காரும் கூலிக்குப் போன ஜீப்பும் பிரித்தறிய முடியாமல் கலந்துவிடுகின்றன. வேலைக்குப் போகும் வழியில் இறந்தவர்கள் என்று ஒரு தனிக் கட்டம் போடச் சொல்லுங்கள். திண்ணையில் இருக்கிறவளிடம் போய், இனிமேல் கணக்கு உண்டு தங்கச்சி என்று சொல்ல எனக்கு அது வேண்டும்.

இந்த மனுவோடு என் ஆர்.சி. புக் நகலையும், ஓட்டுநர் உரிமத்தின் நகலையும், கட்டிய அபராத ரசீதுகளையும், என் வண்டியில் தினமும் வருகிறவர்களின் கையெழுத்தையும் கைநாட்டையும் சேர்த்திருக்கிறேன். இதை வைத்து என் மேல் வழக்குப் போட வேண்டுமானால் போடலாம், வந்து நிற்கிறேன். அடுத்த ஆடியில் காய் எடுப்பு தொடங்குவதற்குள் பர்மிட் பற்றி ஒரு பதில் வந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஜீப் ஓட்டுநரும் தொழிலாளர்களும்

இடம்: போடிமெட்டு