அந்தப் பழைய படம்

ஊட்டி

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே உறைபனி தொடங்கிவிட்டது, காலையில் புல்லெல்லாம் வெள்ளை.

காலேஜ் டூரில் இங்கே வந்தபோது ஒரு தோடர் மந்துக்கு, அதான் அந்தப் பழங்குடியினரின் குடியிருப்புக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? பீப்பாயைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்த மாதிரி வீடு. அதன் முன்னால் ஒரு பெரியவரை நிற்கவைத்துப் படம் எடுத்தோம். இப்போது ஒரு மந்திலிருந்து வரும் பெண் என் வகுப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சுடிதார் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வருவாள். சுற்றுலா வந்த யாரோ, "உன்னைப் பார்த்தால் தோடர் மாதிரியே இல்லையே" என்றார்களாம். "எப்படி இருந்தால் சார் ஒத்துக்கொள்வார்கள்?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கு நம் படம்தான் கண்ணில் வந்து நின்றது. அந்தப் பெரியவரிடம் பெயர்கூடக் கேட்கவில்லையே நாம்!

தோடர்கள் மொத்தமே சுமார் 2000 பேர்தான். அவர்கள் பேசுவதும் திராவிட மொழிதான், ஆனால் தனி எழுத்து கிடையாது. அந்தப் பெண் தன் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் தமிழ் எழுத்தில் அனுப்புகிறாள். ச, ர, ல சாயலில் நம் எழுத்துக்குள் அடங்காத ஒலிகள் அதில் நிறைய. வெறும் காற்றாகச் சொல்லும் ஒரு 'ல'வைச் சொல்லிக் காட்டினாள். எனக்கு வரவே இல்லை. பாட்டியோடு பேசக் குரல்பதிவுதான். பள்ளியில் தமிழ், கல்லூரியில் ஆங்கிலம், அவள் மொழிக்கு வீடு மட்டும்தான். மொழிக்காக ஊர்வலம் போனவர்கள் நாம். இந்த மலையில் ஒரு சின்ன மொழியை ஓரமாகத் தள்ளுவது நம் தமிழும்தான் என்று இத்தனை வருஷம் எனக்கு உறைக்கவில்லை. மனசு கனக்கிறது செல்வம்.

அவள் சோர்ந்து போகிறவள் இல்லை. லீவு நாளில் அம்மாவோடு உட்கார்ந்து பூத்துக்குளி, அதாவது அவர்கள் போர்த்திக்கொள்ளும் பூவேலைச் சால்வை, தைக்கிறாள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும். மாதிரி வரைவதில்லை, இழையை எண்ணி எண்ணித்தான் ஊசி போகும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற வேலை அது. வீட்டு எருமைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்வாள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். ஆனால் மேய்ச்சல் நிலமெல்லாம் சீகை என்கிற வாட்டில் மரமும் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸும் தேயிலையுமாக ஆகிவிட்டது. கோயில் கூரை வேயப் புல் தேடி அவள் அண்ணன் நாள்கணக்கில் அலைந்தானாம்.

அப்புறம், அந்தப் படம் உன்னிடம்தானே இருக்கிறது? தேடி அனுப்பு. பாட்டியிடம் காட்டிக் கேட்கிறேன் என்கிறாள். அந்தப் பெரியவர் யாரென்று அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

உன்,
கதிரேசன்