குறட்டை விடும் பழிதெய்வங்கள்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண் ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் புத்தகத்தைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அதனால்தான் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. இப்போது இடது கண் பளிச்சென்று தெரிகிறது.

உன் அண்ணன் விஷயத்தில் "தெய்வம் நின்று கொல்லும்" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எரின்யெஸ் ஞாபகம்தான் வந்தது. கிரேக்கர்களின் பழிதெய்வங்கள். குரோனஸ் தன் அப்பன் யுரேனஸின் உறுப்பை அரிவாளால் அறுத்தபோது மண்ணில் சிந்திய ரத்தத்தில் பிறந்தவர்கள் என்கிறார் பழைய கவிஞர் ஹீசியட். நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் இவர்களை இரவின் மகள்கள் ஆக்கிவிட்டார். அலெக்டோ, மெகைரா, டிசிபோனி என்று மூன்று பேராக எண்ணியதெல்லாம் பிற்காலத்தில்தான்.

கி.மு. 458இல் ஏதென்ஸில் அரங்கேறிய ஈஸ்கிலஸின் 'யூமெனிடெஸ்' நாடகத்தில் ஒரு காட்சி. அப்பனைக் கொன்றதற்காகத் தாயையே கொன்ற ஒரெஸ்தெஸைத் துரத்தி வந்த இந்த எரின்யெஸ், டெல்ஃபியில் அப்பல்லோ தெய்வத்தின் கோயிலுக்குள் படுத்துத் தூங்குகிறார்கள், குறட்டை வேறு! செத்துப்போன தாய் கிளைட்டம்னெஸ்ட்ராவே ஆவியாக வந்து தன் காயத்தைக் காட்டி, நடுராத்திரியில் உங்களுக்கு எத்தனை படையல் போட்டேன், இப்படித் தூங்குகிறீர்களே என்று திட்ட வேண்டியிருக்கிறது. அதற்கும் எழுந்திருக்கவில்லை. வேட்டைநாய் கனவில் குரைக்குமே, அந்த மாதிரி தூக்கத்திலேயே "பிடி, பிடி, பிடி, பிடி" என்று முனகுகிறார்கள். நின்று கொல்வது இருக்கட்டும், இவர்களை முதலில் தட்டி எழுப்ப ஆள் வேண்டும் போல.

பிறகு வழக்கு ஏதென்ஸில் அதீனா தேவியின் முன் விசாரணைக்கு வருகிறது. புருஷனைக் கொன்ற கிளைட்டம்னெஸ்ட்ராவை ஏன் துரத்தவில்லை என்று கேட்டால், அது ரத்த உறவு இல்லையே என்கிறார்கள். சட்டம் பேசும் வக்கீல் மாதிரி. ஆனால் எதிர்த்தரப்பில் ஒரெஸ்தெஸுக்காகப் பேசும் அப்பல்லோ சொல்வது அதைவிட மோசம்: பெற்றவன் தகப்பன் மட்டும்தானாம், தாய் வெறுமனே விதையைப் பேணுகிறவளாம். எனக்கு எரிச்சலே வந்துவிட்டது. அதீனா தன் ஓட்டையும் ஒரெஸ்தெஸுக்கே போடுகிறாள், காரணம் தனக்கு அம்மா கிடையாது என்பது. எண்ணிப் பார்த்தால் இரு பக்கமும் சமம், சமமானால் விடுதலை.

தோற்ற எரின்யெஸ் ஊரையே விஷமாக்கிவிடுவோம் என்று கத்துகிறார்கள். அதீனா அவர்களை அடிக்கவில்லை, விரட்டவில்லை, பொறுமையாகப் பேசிப் பேசி, விசாரணை நடந்த அரியோபாகஸ் குன்றருகே பூமிக்கடியில் இடமும் பூசையும் தருகிறேன் என்று இறக்கிவிடுகிறாள். நாடகத்தின் பெயரான யூமெனிடெஸ் இவர்களைத்தான் குறிக்கிறது, அதற்கு அன்பானவர்கள் என்று பொருள். பயந்த பெயரை நேரே சொல்லாமல் நாம் நல்ல பாம்பு என்கிறோமே, அதுதான். அவர்களுக்கு ஊற்றும் படையலில் தண்ணீரும் தேனும் மட்டும், மது கூடாது.

அப்புறம், உன் நில வழக்குக்கு அடுத்த வாய்தா எப்போது? அங்கே ஒரே விசாரணையில் ஓட்டுப் போட்டு முடித்துவிட்டார்கள், உனக்குத்தான் பதினாலு வருஷம். வாய்தாவுக்கு வரும்போது ஒரு நாள் முன்னாலேயே கிளம்பி இங்கே வந்து தங்கு.

அன்புடன்,
மணி