தாய்மாமன் மடி மேகத்துக்கு மேலே: ககன் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். சிறிய விமான நிலையங்களில் எந்த முறையில் விமானம் இறங்கலாம் என்று தீர்மானிக்கிறவர்கள், அந்த ஊர்களுக்கு விமானம் விடுகிறவர்கள், இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். யார் பெயரையும் போடவில்லை. போட்டால் ‘இது எங்கள் பிரிவில் வராது’ என்று பதில் வரும். அந்த மாதிரிப் பதில் இரண்டு ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது, மூன்றாவது வேண்டாம்.

கேட்பது ஒன்றுதான். விமானங்களுக்குத் துணைக்கோள் வழியாக வழிகாட்டும் ககன் என்ற அமைப்பை நம் வரிப்பணத்தில், நம் ஆட்களே கட்டி முடித்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் ஊர் மாதிரிச் சின்ன ஊர்களுக்குப் போகும் விமானங்கள் அதை நம்பி இறங்குவது எப்போது? ஊர்வாரியாகத் தேதி போட்டுச் சொல்லுங்கள்.

கடந்த தை மாதம் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. குலதெய்வக் கோயிலில், காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். அவளுக்கு நான் ஒரே அண்ணன், ஆகவே பாப்பாவுக்கு ஒரே தாய்மாமன். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். மாதக் கடைசி என்பதால் ஒரு நாள்தான் லீவு கிடைத்தது. முந்தைய நாள் இரண்டாம் ஷிப்ட் முடியும்போது இரவு பத்தரை, ரயிலெல்லாம் போய்விட்டது. அதனால்தான் வாழ்க்கையில் மூன்றாவது தடவையாக ஒரு விமான டிக்கெட்.

காலை ஆறு மணிக்கு மீனம்பாக்கத்தில் ஏறினேன். விசிறி வைத்த சின்ன விமானம், ஏடிஆர். சீர்த்தட்டுச் சாமான்கள் தலைக்கு மேல் பெட்டியில். தோடு மட்டும் சட்டைப் பையில், தங்கமாயிற்றே. ஏழரைக்கெல்லாம் ஊருக்கு மேலே வந்துவிட்டோம். கீழே வெள்ளையாக மேகம் விரித்துக் கிடந்தது. ஒரு தடவை இறங்கப் பார்த்தார்கள். மேகத்துக்குள் போன கொஞ்ச நேரத்தில் இன்ஜின் சத்தம் கூடி மறுபடி மேலே ஏறியது. அப்புறம் அரை மணி நேரம் வட்டமடித்தோம். பக்கத்து சீட்டுக் கல்லூரிப் பையன் போனை ஜன்னலோரம் பிடித்து மேப்பைக் காட்டினான். நீலப் புள்ளி எங்கள் ஊர்க் கண்மாயைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. “அங்கிள், கரெக்டா நம்ம ஊருக்கு மேலதான் இருக்கோம்” என்றான்.

எட்டு மணிக்கு அறிவிப்பு வந்தது. வானிலை காரணமாகச் சென்னைக்கே திரும்புகிறோம். ஒன்பது இருபதுக்கு, கிளம்பிய அதே மீனம்பாக்கம். போனை ஆன் செய்ததும் தங்கைதான். “எங்கண்ணே இருக்கிய? இங்க மழகூட இல்லையே!” மேகம் தாழ்வாக இருந்ததே தவிர, அதற்குக் கீழே ரோடு, வயல், கோயில் எல்லாம் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. பத்து மணிவரை எதற்கென்று தெரியாமல் காத்திருந்தார்கள். பிறகு சித்தப்பா மகனை, அவனும் முறைக்கு மாமன்தான், உட்கார வைத்துக் குத்திவிட்டார்கள். தோடு என் பையில் இருந்ததால் அத்தை பேத்தியின் பழைய தோட்டைக் கடன் வாங்கிப் போட்டார்கள். பாப்பா அழுததை வீடியோவில் பார்த்தேன். அப்போது நான் திரிசூலம் ஸ்டேஷனில் சீர்த்தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். மின்சார ரயிலில் எல்லாரும் ஒதுங்கி இடம் விட்டார்கள், விசேஷத்துக்குப் போகிறேன் என்று நினைத்து.

பைலட் மேல் எனக்குக் குறையே இல்லை. குறிப்பிட்ட உயரம்வரை இறங்கியும் ஓடுபாதை கண்ணில் படவில்லை என்றால் மேலே ஏறிவிட வேண்டும், அதுதான் விதி. அவர் விதியை மதித்ததால்தான் நான் உட்கார்ந்து மடல் எழுதுகிறேன். ஆனால் ‘குறிப்பிட்ட உயரம்’ என்பது கடவுள் போட்ட கோடு இல்லையே. இறங்குவதற்கு என்ன வழிகாட்டுதல் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். சென்னை மாதிரிப் பெரிய நிலையத்தில் ஐஎல்எஸ் இருக்கிறது. ஓடுபாதையின் முனையில் ஒரு ஆன்டெனா, பக்கத்தில் ஒன்று. இடவலமும் மேல்கீழும் சொல்லி 200 அடிவரை கூட்டிவந்துவிடும். அந்த வசதி இல்லாத ஊரில் இடவலம் மட்டும்தான் துல்லியமாகக் கிடைக்கும். மேல்கீழ் வழிகாட்டுதல் இல்லாததால் பல இடங்களில் 400, 500 அடிக்குக் கீழே வர அனுமதி கிடையாது. அன்று எங்களுக்கும் ஊருக்கும் நடுவில் நின்றது இந்தச் சில நூறு அடிதான்.

பையன் கேட்ட கேள்வி இது: “போனுக்கே தெரியுது, பிளேனுக்குத் தெரியாதா?” அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததில், என் தொழில் பாடமே பதிலாக வந்து நின்றது. நுண்ணிய அளவு பார்க்கும் மைக்ரோமீட்டர் உடைந்துபோனால் எங்களுக்கு ஆபத்து இல்லை, தூக்கி ஓரமாக வைத்துவிடுவோம். நல்ல பிள்ளை மாதிரி இருந்துகொண்டு தப்பாகக் காட்டும் மைக்ரோமீட்டர்தான் ஒரு லோடு சரக்கையே திருப்பி அனுப்ப வைக்கும். அதற்காகத்தான் ஒவ்வொரு கருவியிலும், சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்ததற்கு அடையாளமாக, காலிபரேஷன் ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். ஜிபிஎஸ்ஸில் அந்த ஸ்டிக்கர் இல்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சிக்னல் வருகிறது, வழியில் அயனிமண்டலம் என்ற மின்னேறிய காற்றடுக்கு அதைத் தாமதப்படுத்துகிறது, போன் ஏதோ ஓர் இடத்தைக் காட்டுகிறது. பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஒரு துணைக்கோள் கெட்டுத் தப்பான கணக்கு அனுப்பினால், அது தப்பு என்று தெரியப் பல நிமிடங்கள் ஆகலாம். பிரியாணிக் கடை தேடுகிறவருக்கு அது பரவாயில்லை. மேகத்துக்குள் ஓடுபாதையை நோக்கி இறங்குகிறவருக்கு?

ககன் ஒட்டுவது அந்த ஸ்டிக்கரைத்தான், நொடிக்கு நொடி. இது உங்களுக்குத் தெரியாததல்ல, ஆனாலும் ஒரு தடவை சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஜம்முவிலிருந்து போர்ட் பிளேர்வரை 15 இடங்களில் தரை நிலையங்கள். தங்கள் இடம் எது என்று அங்குலக் கணக்கில் அறிந்த நிலையங்கள் அவை. ஜிபிஎஸ் சொல்வதையும் தங்களுக்குத் தெரிந்ததையும் ஒப்பிட்டுப் பிழையைப் பிடித்துப் பெங்களூருக்கு அனுப்புகின்றன. (சென்னை அந்தப் பதினைந்தில் இல்லை. பெங்களூரும் திருவனந்தபுரமும் பக்கத்திலேயே இருப்பதால் இதற்கு நான் தனி மடல் எழுதப்போவதில்லை.) அங்கே திருத்தம் கணக்கிட்டு ஜிசாட் என்ற நம் துணைக்கோள்களுக்கு அனுப்புகிறார்கள். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் அவை, ஜிபிஎஸ் பேசும் அதே அலைவரிசையில் திருத்தத்தைத் திருப்பிச் சொல்கின்றன. கூடவே இந்தத் துணைக்கோளை நம்பலாம், அதை நம்பாதே என்றும் சொல்கின்றன. விமானத்தில் இருக்கும் கருவி தன்னைச் சுற்றி ஒரு பெட்டி கட்டி, ‘நான் இதற்குள்தான் இருக்கிறேன்’ என்று உறுதி கொடுக்கும். பக்கவாட்டில் 40 மீட்டரையோ உயரத்தில் 50 மீட்டரையோ அந்தப் பெட்டி தாண்டினால் உடனே கொடி காட்டிவிடும். ஏதாவது கோளாறு என்றால் 10 விநாடிக்குள் எச்சரிக்கை வர வேண்டும். எச்சரிக்காமல் ஏமாற்றுவதற்கு உலக விதி அனுமதிப்பது ஒரு கோடி இறக்கத்தில் இரண்டு. எங்கள் கம்பெனியில் இந்த அளவுக்குத் தரம் கேட்டால் மேனேஜரே வேலையை விட்டுவிடுவார்.

இதற்கு மேலும் ஒரு பெருமை உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு போவது நம் தெற்குக் கோடி வழியாக. தும்பாவில் 1963-இல் ராக்கெட் தளம் வைத்ததே அதனால்தான். அந்தக் கோட்டை ஒட்டிய வானத்தில் அயனிமண்டலம் ஒழுங்காக இருக்காது, பொழுது சாய்ந்ததும் குமிழ் குமிழாகக் கொந்தளிக்கும். அமெரிக்காக்காரர்கள் தங்கள் வானத்துக்குப் போட்ட கணக்கு இங்கே செல்லாது. இஸ்ரோ தனியாக ஒரு கணக்கு உருவாக்கி, விமான நிலைய ஆணையத்தோடு சேர்ந்து, சுமார் 774 கோடி ரூபாயில் இதைச் செய்து முடித்தது. நடுக்கோட்டு வானத்தில் இப்படி ஓர் அமைப்பு சான்றிதழ் வாங்கியது அதுவே முதல் தடவை. செங்குத்து வழிகாட்டுதலுக்கான சான்றிதழ் 2015 ஏப்ரலில் வந்தது, ஜூலையில் விழா எடுத்தார்கள்.

விழாவுக்குப் பிறகுதான் நம் வழக்கம் தொடங்கியது. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் விமானங்கள் எல்லாவற்றிலும் ககன் வசதி கட்டாயம் என்று 2016-ஆம் ஆண்டு விமானக் கொள்கை சொன்னது. தேதி வந்தது, தள்ளிப்போனது. பெரிய ஜெட் விமானங்களில் கருவி இல்லை என்றார்கள். சரி, நியாயம்தான், அதற்குச் செலவு உண்டு. ஆனால் என்னை ஏற்றிக்கொண்டு போனது ஜெட் இல்லையே! 2022 ஏப்ரலில் ராஜஸ்தானில், சலவைக்கல்லுக்குப் பேர்போன கிஷன்கரில், ககன் வழிகாட்டி இறங்கியது ஒரு ஏடிஆர்தானே? ஆசிய பசிபிக் பகுதியிலேயே முதல் என்று செய்தி படித்துக் கை தட்டியவர்களில் நானும் ஒருவன். அமெரிக்காவில் 2003-இல் தொடங்கினார்கள், இன்று இந்த மாதிரி இறங்குமுறைகள் அங்கே நாலாயிரத்துக்கும் மேல். சீராக வந்த கிரைண்டரைப் பிரிக்காமல் பரணில் ஏற்றிவிட்டு அம்மியில் அரைக்கிற வீடு எங்கள் தெருவில் ஒன்று உண்டு. யாராவது வந்தால் பரணைக் கைகாட்டி, “ஐஎஸ்ஐ முத்திரை போட்டது” என்று சொல்வார்கள்.

எல்லாத் தப்புக்கும் ‘வானிலை’ ஒரு நல்ல வார்த்தை. அதைச் சொன்னதும் நஷ்ட ஈடு கேட்க முடியாது, கேள்வி கேட்க முடியாது, கோபப்படக்கூட வெட்கமாக இருக்கிறது. டிக்கெட் பணம் வர ஒரு மாதம் ஆனது. அன்று கையில் கொடுத்தது ஒரு பிஸ்கட் பாக்கெட். அறிவிப்பில் மேகத்தைக் குற்றம் சொன்ன அந்த அம்மாவின் குரலில் ஒரு வருத்தமாவது இருந்திருக்கலாம். சரி, விஷயத்தை விட்டுப் போகிறேன், மன்னிக்கவும்.

நடக்க முடியாததை நான் கேட்கவில்லை. ககன் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவும் இல்லை. எங்கள் வானத்துக்கு இப்போதைய சான்றிதழ்படி அது இறக்கிக் கொண்டுவருவது 250 அடிவரை. புகை தரையைத் தொட்டால் ஒன்றும் செய்ய முடியாது. 2018 போகியன்று மீனம்பாக்கத்திலேயே விமானங்கள் தடுமாறின. அது நாங்களே கொளுத்திய டயர், உங்களைக் கேட்க முடியாது. ஊரில் ஐஎல்எஸ் நிறுவ வேண்டாம் என்றாலும் சுற்றியுள்ள மரம், டவர், மலை எல்லாம் அளந்து வரைபடம் போட வேண்டும், பைலட்டுகளுக்குப் பயிற்சி தர வேண்டும். ஜிபிஎஸ்ஸையே யாராவது குழப்பினால் ககனும் சேர்ந்துதான் குழம்பும். 2025 நவம்பரில் தில்லியில் அப்படி நடந்ததை எல்லாரும் பார்த்தோம். ஆகவே தரையில் இருக்கும் பழைய கருவிகளைப் பிடுங்கிப் போடுங்கள் என்றும் சொல்லவில்லை. அம்மியும் இருக்கட்டும். கிரைண்டரைப் பிரியுங்கள் என்கிறேன்.

எனவே மறுபடியும் பணிவாகக் கேட்கிறேன். தமிழ்நாட்டின் சின்ன விமான நிலையங்களில் எதற்கெல்லாம் ககன் இறங்குமுறை தயார், எதற்கெல்லாம் இல்லை, இல்லாததற்கு எப்போது என்று தேதி போட்டு, பயணிகள் படிக்கிற தமிழில் வெளியிடுங்கள். அங்கே விமானம் விடுகிறவர்கள், எந்த விமானத்தில் அந்தக் கருவி இருக்கிறது, எந்த பைலட்டுக்கு அனுமதி இருக்கிறது என்று பார்த்து, அதை அந்த ஊருக்கு அனுப்புங்கள். அதுவரை டிக்கெட் விற்கும்போதே ஒரு வரி போடுங்கள்: ‘இந்த ஊரில் மேகம் தாழ்ந்தால் திரும்பி வருவோம்.’ அந்த ஒரு வரி இருந்திருந்தால் ஷிப்டை யாரிடமாவது கெஞ்சி மாற்றிக்கொண்டு எழும்பூரில் ரயில் ஏறியிருப்பேன்.

தோட்டை மறுவாரம் தங்கை வந்து வாங்கிக்கொண்டு போனாள். அவளுக்கு ஆவணியில் இரண்டாவது பிரசவம். காதுகுத்துக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. அதற்குள் பதில் போட்டால் போதும், அவசரம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
காதுகுத்துக்கு வராத தாய்மாமன்,
அம்பத்தூர், சென்னை.