தொப்புள்கொடியிலிருந்து 2 மில்லி ரத்தம்: பிரசவம் பார்க்கும் மருத்துவமனைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் பிரசவம் பார்க்கும் மருத்துவமனைகளை நடத்துவோருக்கும், அங்கே பணிபுரியும் குழந்தை மருத்துவர்களுக்கும்,

வணக்கம். மருத்துவமனை லேப்களில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நான் கையெழுத்துப் போட்ட ஒரு ரிப்போர்ட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

எட்டு வயதுப் பையன். வைவாக்ஸ் என்ற வகை மலேரியா. வழக்கம்போல் 14 நாளுக்குப் பிரைமாகுயின் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. எங்கள் வார்டுக்கு வந்து சேர்ந்தபோது ஹீமோகுளோபின் 5. இரவோடிரவாக ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் காலை, சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி போதுமான அளவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி லேபுக்கு மாதிரி வந்தது. புற ஊதா விளக்கின் கீழ் வைத்தேன். வடிதாளில் வைத்த ரத்தக் கலவைப் புள்ளி பளிச்சென்று ஒளிர்ந்தது, நொதி இருக்கிறது என்று அர்த்தம். 'நார்மல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சோதனை சரியாகத்தான் செய்யப்பட்டது. ஆனால் அந்தக் குழாயில் இருந்ததில் பாதி, முகம் தெரியாத ஒரு கொடையாளியின் ரத்தம். மீதியும் அந்தப் பையனின் உண்மை நிலையைக் காட்டக்கூடியதல்ல. நொதி வற்றிப்போன வயதான சிவப்பணுக்கள் உடைந்து போய்விட்டன. எஞ்சியவை இளசுகள், அவற்றோடு எலும்பு மஜ்ஜை அவசரமாக அனுப்பிவைத்த புது அணுக்கள். இளம் அணுக்களில் இந்த நொதி எப்போதும் கூடுதலாகவே இருக்கும். 'மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கவும்' என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். நான் எழுதவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியிலும் யாரும் எழுதவில்லை. இரண்டு வருடம் கழித்துப் பையனுக்கு மறுபடி மலேரியா. வேறொரு இடத்தில் காட்டியபோது, பீரோவில் பத்திரமாக வைத்திருந்த அந்த 'நார்மல்' காகிதத்தை அம்மா எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதை நம்பி மறுபடியும் அதே மாத்திரை. பையன் பிழைத்துக்கொண்டான். அந்தக் காகிதத்தை அவர் எங்களிடம் கொண்டுவந்து நீட்டியபோது, அடியில் இருந்தது என் கையெழுத்து.

அதனால்தான் கேட்கிறேன். குழந்தை நோயில் விழுந்த பிறகு இந்த நொதியைத் தேடாதீர்கள். பிறந்த அன்றே பாருங்கள்.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் இந்த மடலைப் படிக்கும் பெற்றோருக்காகச் சொல்கிறேன். சிவப்பணு நாள் முழுக்க ஆக்சிஜனைச் சுமப்பது. அந்தச் சுமையே அதை அரித்துவிடாமல் காப்பது குளுட்டாதயோன் என்ற பொருள். வேலை செய்து தீர்ந்துபோன குளுட்டாதயோனைத் திரும்பவும் தயார் செய்ய வேண்டுமானால் ஜி6பிடி நொதி இயங்கியாக வேண்டும். மற்ற செல்களுக்கு மாற்று வழிகள் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவும் உட்கருவும் இல்லாத சிவப்பணுவுக்கு இது ஒன்றுதான் வழி. உட்கரு இல்லாததால் புதிதாக நொதி செய்துகொள்ளவும் முடியாது. பிறக்கும்போது கொண்டுவந்ததை வைத்துத்தான் 120 நாளையும் ஓட்ட வேண்டும். நொதி குறைவாகப் பிறந்த அணு சாதாரண நாட்களில் சமாளித்துவிடும். பிரைமாகுயின், டாப்சோன், ராஸ்பூரிகேஸ், மெத்திலீன் புளூ போன்ற மருந்து ஒன்று உள்ளே வரும்போது உடைந்துவிடும். உலகில் ஏறத்தாழ 40 கோடிப் பேருக்கு இந்தக் குறை உண்டு என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு.

இது கண்டுபிடிக்கப்பட்ட கதையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கும். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலச் சிறையில், கைதிகளுக்குப் பிரைமாகுயின் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சியில்தான், குறிப்பாகக் கறுப்பினக் கைதிகளின் ரத்தம் உடைந்ததைப் பார்த்துத்தான், 1956-ல் சிகாகோ ஆய்வாளர்கள் இந்த நொதியிடம் வந்து சேர்ந்தார்கள். அவ்வளவு விலை கொடுத்துக் கிடைத்த அறிவு நம் பிரசவ வார்டு வரைக்கும் வந்து சேர வேண்டாமா?

பச்சிளம் குழந்தையின் மஞ்சள் காமாலைக்கு வருகிறேன். சுகப்பிரசவம் என்றால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். சிவப்பணு உடையும்போது உண்டாகும் மஞ்சள் கழிவான பிலிருபின் உச்சத்துக்கு ஏறுவது பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள். அதாவது, தாயும் சேயும் வீட்டுக்குப் போன பிறகு. "காலை வெயில்ல காட்டினா சரியாயிடும்" என்று பாட்டி சொல்வார், இரண்டு நாள் போய்விடும். ஜி6பிடி குறைந்த குழந்தைக்கு அந்த இரண்டு நாள் போதும். பிலிருபின் மூளையில் படிந்துவிட்டால் காது கேட்காமல் போகலாம், கைகால் சொன்னபடி கேட்காமல் போகலாம். போனது திரும்பாது. இன்னொன்றையும் லேபிலிருந்து பார்த்தவளாகச் சொல்கிறேன். இந்தக் குழந்தைகளில் பலருக்கு ரத்தம் பெரிதாக உடைவதே இல்லை, ஈரல் பிலிருபினைக் கையாள்வதில்தான் குறை. ஹீமோகுளோபின் நன்றாகத்தானே இருக்கிறது என்று நாமும் ஏமாந்துவிடுகிறோம்.

பிறகு அந்துருண்டை. நம் வீடுகளில் பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் சுற்றுவதில்லை. பாட்டியின் நைந்த நூல்புடவை, தாத்தாவின் வேட்டி. தூளி கட்டுவதும் அதில்தான். அன்போடு செய்வது, மெத்தென்றும் இருக்கும். ஆனால் அந்தத் துணி வருவது நாப்தலின் உருண்டை போட்டு வைத்த பெட்டியிலிருந்து. இந்தக் குழந்தைகளின் ரத்தத்தை உடைக்க நாப்தலின் வாசனையே போதும் என்று கிரேக்க மருத்துவர்கள் 1963-லேயே எழுதிவிட்டார்கள். எண்ணெய் தேய்த்த உடம்பில் தோல்வழியாகவும் அது எளிதில் இறங்கக்கூடும். வார்டிலிருந்து கிளம்பும் எத்தனை தாய்மார்களிடம் இதை ஒரு வார்த்தை சொல்லி அனுப்புகிறோம்?

சிங்கப்பூரில் 1965 முதலே தொப்புள்கொடி ரத்தத்தில் இந்த நொதியைப் பார்க்கிறார்கள். குறை உள்ள குழந்தைகளை உடனே அனுப்பாமல் வைத்துக் கவனித்தார்கள். மூளையைத் தாக்கும் மஞ்சள் காமாலை அங்கே ஏறக்குறைய மறைந்தே போனது. அங்கே பிறக்கும் தமிழ்க் குழந்தைகளுக்கும் அந்தக் காவல் இருக்கிறது. பக்கத்தில் கேரளத்தின் பச்சிளம் குழந்தைப் பரிசோதனையில் ஜி6பிடியும் ஒன்று. ஆண்களில் 3 முதல் 5 சதவீதத்துக்கு மேல் இந்தக் குறை உள்ள மக்களிடையே எல்லாக் குழந்தைகளுக்கும் சோதனை செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 1989-லேயே சொன்னது. இந்தியாவில் சில சமூகங்களில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம் மாறும். அதனாலேயே பேரைக் கேட்டு ஊகிக்க முடியாது, பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"பெற்றோரை ஏன் பயமுறுத்த வேண்டும்?" என்று என்னிடம் கேட்ட மருத்துவர்கள் உண்டு. அவர்கள் கவலை நியாயமானது. பயம் வருவது சோதனையால் அல்ல, அதன்பின் கையில் கொடுக்கும் நீளமான பட்டியலால். வழக்கமான அளவில் பாராசிட்டமால் பாதுகாப்பானது. அதையும் சேர்த்துத் தடைசெய்யும் பட்டியல்களைப் பார்த்திருக்கிறேன். 'அவரை சாப்பிடக்கூடாது' என்ற தமிழாக்கத்தால் அவரைக்காயை அடுப்படியிலிருந்தே விலக்கிய தாய்மார்களும் உண்டு. கெடுதல் செய்வது நம் அவரை அல்ல, வடக்கே பாக்லா என்று விற்கும் ஃபாவா பீன்ஸ். இந்த வேறுபாட்டை எழுதிக் கொடுக்க ஒரு வரி போதும்.

பயத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பழி. இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் மகனுக்கு அம்மா வழியாகத்தான் வரும். அதைச் சொன்ன மாத்திரத்தில் மாமியார் வீட்டின் பேச்சு எப்படித் திரும்பும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ரிசல்ட்டைச் சொல்லும்போது கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். இது யார் செய்த தப்பும் இல்லை, குழந்தை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும் என்பதையும் அப்போதே சொல்லுங்கள்.

பெண் குழந்தைகளை விட்டுவிடாதீர்கள். இரண்டு எக்ஸில் ஒன்று குறையுள்ளதாக இருந்தால், சில அணுக்களில் நொதி இருக்கும், சிலவற்றில் இருக்காது. நொதி 30 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் புற ஊதா விளக்கின் கீழ் பார்க்கும் அந்த ஒளிர்புள்ளிச் சோதனை காட்டிக்கொடுக்கும். 50 சதவீதம் உள்ள பெண்ணை அது 'நார்மல்' என்றே சொல்லும். 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாஃபினோகுயின் என்ற மலேரியா மருந்துக்கு 70 சதவீதமாவது இருக்க வேண்டும். பெண்களுக்கு அளவு சொல்லும் சோதனைதான் தேவை.

செய்முறை பெரிதல்ல. கொடியை வெட்டியதும் நஞ்சுக்கொடிப் பக்கம் எஞ்சும் ரத்தத்தில் 2 மில்லி, ஊதா மூடி டியூப், உடனே குளிர்பெட்டி. வெயிலில் கிடந்தால் நொதி செத்துப் பொய்யாகக் குறைவு காட்டும். பச்சிளம் குழந்தைக்கு நொதி அளவு பெரியவர்களைவிடக் கூடுதல், அதற்கேற்ற வரம்பை லேப் வைத்துக்கொள்ள வேண்டும். முடிவைத் தடுப்பூசி அட்டையில், தமிழில், சிவப்பு மையில் எழுதுங்கள். கோப்பில் எழுதினால் கோப்போடு போய்விடும். தடுப்பூசி அட்டையைத்தான் அம்மாக்கள் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்வரை தொலைக்காமல் வைத்திருப்பார்கள்.

ஒளிர்புள்ளிச் சோதனையைச் சொல்லித்தர ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன். ஒரு வடிதாளும் புற ஊதா விளக்கும் இருட்டறையும் போதும், அரை நாளில் கற்றுக்கொண்டுவிடலாம். ரிப்போர்ட்டின் அடியில் எந்த வரியை எழுத மறக்கக்கூடாது என்பதையும் சொல்லித்தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர் ஒருத்தி